செலவு யார் கணக்கில்?

மலேசிய ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்த்தவனுக்கு டாக்டரின் கௌரவமும் இல்லை, ஆபீஸ் கணக்கரான கிராணியின் நிம்மதியும் இல்லை. காகிதத்தில் நாங்கள் ஆஸ்பத்திரி அஸிஸ்டெண்டுகள்; லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பின் ஜனங்களுக்கு டிரசர் ஐயா. 1965-ஆம் வருஷத்துத் தோட்ட ஆஸ்பத்திரி அஸிஸ்டெண்டுகள் பதிவுச் சட்டத்தின்படி பெயரைப் பதிந்துகொண்டு, எப்போதாவது காரில் வந்து போகும் டாக்டரின் மேற்பார்வையில், எஞ்சிய நாளெல்லாம் காய்ச்சல், உளி பட்ட காயம், பிரசவ வேதனை, குழந்தையின் இழுப்பு ஆகிய அனைத்துக்கும் முதல் பொறுப்பாளியாக இருந்து, மாதக் கடைசியில் செலவான மருந்துக்கெல்லாம் தோட்ட ஆபீசுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் நாங்கள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. மருந்தை யார் கொடுக்கிறார், யார் உட்கொள்கிறார் என்பவை எவ்வளவு முக்கியமோ, அதற்கு யார் பணம் கட்டுகிறார் என்பதும் அவ்வளவு முக்கியம் என்பதைக் கர்ப்பத்தடை விஷயத்தில் கண்டதுபோல் வேறு எந்த விஷயத்திலும் நான் கண்டதில்லை.

என் தோட்டம் கோலா கிளாவாங் பட்டணத்துக்கு அப்பால் இருந்தது. சிரம்பானிலிருந்து வருகிறவர்கள் புக்கிட் தங்கா மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் கடந்து ஜெலுபு பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். ஒரு காலத்தில் ஈயத்துக்குப் பேர்போன ஜில்லா, பிறகு ரப்பர். கோலா கிளாவாங்கில் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு, கடைவீதி உண்டு. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபுக்கென்று பின்னாளில் அமைந்த ஒரு மியூசியமும் உண்டு. அந்த மரபின்படி குடும்ப நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்மணி தன் பெயரில் உள்ள வயலின் வரப்பில் நடக்கும் அதே வேளையில், எங்கள் பெண்கள் தோட்டத்தின் மரத்தைத் தோட்டத்தின் உளியால் வெட்டித் தோட்டத்தின் வாளியில் பால் சுமந்து, தோட்டத்தின் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய சொந்தப் பெயரில் இருந்தது செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் ஒரு வரி மாத்திரமே. அவர்களுக்கு நோய் வந்தால் கொடுக்கப்படும் மருந்தும் தோட்டத்தின் மருந்துதான்.

இது தர்மம் அன்று, சட்டம். தோட்ட முதலாளி தொழிலாளியின் வைத்தியத்துக்கு வகைசெய்ய வேண்டும் என்ற பொறுப்பு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே, குறிப்பாக 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டக் கோவையிலிருந்தே, இந்நாட்டில் வேரூன்றியது. ஆஸ்பத்திரி, குடிநீர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் என்று வரிசையாக வந்த கடமைகளைச் சில மனேஜர் துரைமார்கள் மனமுவந்தும், பலர் இன்ஸ்பெக்டருக்குப் பயந்தும் நிறைவேற்றினார்கள். பிரசவத்துக்கும் அதே ஏற்பாடுதான். 1955-ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சட்டம் பிரசவித்த பெண்ணுக்கு லீவும் சகாயத் தொகையும் உண்டு என்று விதித்தது. ஆனால் அந்தத் தொகையை ஒரு பொது நிதியிலிருந்து கொடுக்கச் செய்யாமல், அவளை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியின் பையிலிருந்தே கொடுக்கச் செய்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1952-இல் இயற்றிய 103-ஆம் இலக்க உடன்படிக்கையோ, பிரசவச் செலவு எந்தத் தனி முதலாளியின் தலையிலும் விழலாகாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அவ்வாறு ஏன் சொன்னார்கள் என்பது அந்தக் காலத்தில் எனக்கு விளங்கவில்லை. முதலாளியிடம் பணம் இருக்கிறது, கொடுக்கட்டுமே என்றுதான் நினைத்தேன். விளங்கியது குடும்பக் கட்டுப்பாடு தோட்டத்துக்குள் வந்த பிறகுதான்.

குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் இந்நாட்டில் முன்னரே இருந்தன. 1953-இல் சிலாங்கூரில் முதற் சங்கம் தோன்றியது; 1958-இல் மாநிலச் சங்கங்கள் ஒரு சம்மேளனமாகக் கூடின. அரசாங்கம் நேராகக் களத்தில் இறங்கியது 1966-ஆம் வருஷத்துக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு. அதன்படி ஏற்பட்ட தேசிய வாரியம், வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்று வீதம் பெருகிவந்த ஜனத்தொகையை 1985-க்குள் நூற்றுக்கு இரண்டாகக் குறைப்பதை லட்சியமாகக் கொண்டது. பட்டணங்களில் தொடங்கிய சேவை மெல்ல மெல்லத் தோட்டங்களையும் எட்டியது. பால் பவுடர் டின்களும் கொயினா மாத்திரையும் இருந்த என் அலமாரியில் கர்ப்பத்தடை மாத்திரை அட்டைகளும் இடம்பிடித்தன. புதிய மருந்து வாங்கக் கேட்கும்போதெல்லாம் முகம் சுளிக்கும் நிர்வாகம், இதற்கு மட்டும் ஒரு கேள்வியும் கேளாமல் கையெழுத்துப் போட்டது. காரணம் சுலபம். ஒரு பிரசவம் என்றால் 60 நாள் சகாயத் தொகை, ஆளில்லாத மர நிரைக்கு மாற்றாள், ஆயாக்கொட்டகையில் இன்னொரு தொட்டில், சில வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பலகை. மாத்திரையின் விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பெரிய கிராணிக்கு ஒரு நிமிஷம் போதும்.

எங்கள் பெண்களுக்கு அது வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பிள்ளை தவழும்போதே நான்காவது வயிற்றில் வந்து, ரத்தமெல்லாம் வற்றி, இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்துக் கிடக்கும் உடம்போடு, விடியுமுன் இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறியவர்கள் அவர்கள். கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுக்கலாம், இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கலாம். இரண்டு பிரசவங்களுக்கு இடையில் உடம்பு தேறுவதற்கான அவகாசத்தை எந்தப் புட்டியிலிருந்தும் ஊற்றிக் கொடுக்க முடியாது. ஆகையால், நிர்வாகத்தின் நோக்கம் எதுவாயினும், மாத்திரை வந்ததில் எனக்கு மெய்யான சந்தோஷம்.

ஆனால் மாத்திரையைக் கொடுப்பது வேறு, அதை ஒருத்தியின் அன்றாட வாழ்க்கையில் பொருத்துவது வேறு. ஒரு சம்பவம் நன்றாக நினைவிருக்கிறது. ஒழுங்காக வருகிற ஒருத்தி, மாதம் முடிந்து வெற்று அட்டையோடு வருவதற்குப் பதிலாக, நான்கு மாத்திரைகள் மீந்த அட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். தலைசுற்றலா, குமட்டலா என்று விசாரித்தேன். ஒன்றும் இல்லை என்றாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, மீந்தவை நான்கும் ஒவ்வொரு வாரத்திலும் ஒரே கிழமைக்குரியவையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை. விஷயம் என்னவென்றால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் வெற்றிலை போடும்போது மாத்திரையையும் போட்டுக்கொள்வது அவள் பழக்கம். பிரட்டு இல்லாத நாளில் வெற்றிலைக்கும் நேரம் தவறியது, மாத்திரையும் தவறியது. மழையால் வெட்டு நின்ற காலமாக இருந்திருந்தால் கதை இன்னும் மோசமாகியிருக்கும். அன்று முதல் யாருக்கும் காலையில் போடச் சொல்வதை விட்டுவிட்டேன். மழையானாலும் லீவானாலும் தவறாமல் நடக்கும் காரியம் லயத்தில் ஒன்று உண்டு; அந்தியில் சாமி மாடத்தில் விளக்கேற்றுவது. அட்டையை அந்த மாடத்திலேயே வைக்கச் சொன்னேன். மாமியார் கண்ணில் படுமே என்று சிலர் தயங்கினார்கள். படட்டும் என்று துணிந்தவர்களிடம் மாத்திரை மீந்தது அபூர்வம்.

இதைவிடக் கடினமான சங்கடம் பேரேட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் நாட்பதிவு ஒன்று உண்டு: தேதி, பெயர், செக்ரோல் இலக்கம், நோய், கொடுத்த மருந்து. மாதக் கடைசியில் அது ஆபீசுக்குப் போகும். பெரிய கிராணி புரட்டுவார், துரை கையொப்பமிடுவார். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் இதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மாத்திரை வாங்க வந்தவர்கள் மட்டும் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா, பேர எழுதாதீங்க. பெரிய கிராணி ஐயாவுக்குத் தெரிஞ்சா அவங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்; அவங்களுக்குத் தெரிஞ்சா லயத்துக்கே தெரிஞ்சாப்பல" என்பார்கள். எழுதாமலும் இருக்க முடியாது. ரத்த அழுத்தம் ஏறுகிறதா, முன்பு மஞ்சள் காமாலை கண்டதுண்டா, எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறாள் என்று குறித்து வைக்காமல் மாத்திரை கொடுப்பது வைத்தியம் ஆகாது. வருகை டாக்டரிடம் யோசனை கேட்டேன். அவர் சொன்ன வழி எளியது: ஒவ்வொருத்திக்கும் ஒரு அட்டைக் குறிப்பு, அது பூட்டிய இழுப்பறையில், சாவி என்னிடம், தோட்டக் கணக்குக்குப் போவது எத்தனை அட்டை செலவாயிற்று என்ற மொத்தத் தொகை மாத்திரம்.

சில காலம் அப்படியே நடந்தது. பிறகு ஒரு நாள் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. யார் யார் மாத்திரை வாங்குகிறார்கள், யார் நிறுத்திவிட்டார்கள் என்று பெயர்ப் பட்டியல் வேண்டுமாம். எதற்கு என்று கேட்டதற்கு, அடுத்த வருஷத்துப் பிரசவச் செலவை முன்கூட்டி மதிப்பிடுவதற்கு என்று பதில் வந்தது. கேட்டவர் கொடியவர் அல்லர்; மரத்துக்கு எவ்வளவு பால் இறங்கும் என்று மதிப்பிடுவதுபோல் இதையும் மதிப்பிடலாம் என்று அவர் நினைத்ததில் அவருக்குத் தவறொன்றும் தெரியவில்லை. "மருந்துக்குத் தோட்டம்தானே பணம் கட்டுகிறது?" என்றார். வைத்திய ரகசியம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை; டாக்டர் வந்து அதையே இங்கிலீஷில் சொன்னபோது ஏறியது. பட்டியல் போகவில்லை. ஆனால் "தோட்டம்தானே பணம் கட்டுகிறது" என்ற அந்த வாக்கியம் என்னை விட்டு அகலவே இல்லை. பணம் கட்டுகிறவன் தெரிந்துகொள்ளும் உரிமையையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைக்கிறான். தெரிந்துகொண்டவன் அடுத்தபடியாகத் தீர்மானிக்கும் உரிமையையும் கேட்கிறான். 103-ஆம் இலக்க உடன்படிக்கையின் அந்த வாசகம் அன்றுதான் எனக்குப் பொருள்பட்டது.

எங்கள் தோட்டத்தில் கேள்வியாக நின்றுபோனது, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டமாகவே உருவெடுத்தது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் ஐக்கிய சங்கமான உபாசி 1971-இல் சில தோட்டங்களில் பரீட்சார்த்தமாக அதை நடத்தியது. கருத்தரிக்கும் வயதிலுள்ள ஒவ்வொரு பெண் தொழிலாளியின் பெயரிலும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை சேமிப்பில் போடப்படும். அளவுக்கு மேல் குழந்தை பிறந்தால் அதில் பிடித்தம் உண்டு. வயது கடந்தபின் எஞ்சியதை அவள் எடுத்துக்கொள்ளலாம். வலுக்கட்டாயம் இல்லை, வயோதிகத்துக்குக் கைம்முதலும் ஆகும் என்று அதை மெச்சிய அறிஞர்கள் உண்டு. 1976-இல் அவசரநிலைக் காலத்து இந்தியாவில் ஆள்பிடித்து அறுவைசெய்த கொடுமையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ நாகரிகமானது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். இருந்தாலும், ஒரு பெண்ணின் கர்ப்பம் கம்பெனிப் பேரேட்டில் பற்று வரவாகப் பதியப்படும் ஏற்பாட்டை, அந்த இழுப்பறைச் சாவியைக் கையில் வைத்திருந்தவனால் மெச்ச இயலவில்லை.

அதே இந்தியாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதைப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., ஆலைத் தொழிலாளியிடமிருந்தும் முதலாளியிடமிருந்தும் சந்தா வசூலித்து ஒரு தனிக் கார்ப்பரேஷனின் நிதியில் சேர்க்க வகைசெய்தது. அந்த நிதியிலிருந்து, கர்ப்பத்தடை அறுவை செய்துகொள்ளும் பெண் தொழிலாளிக்கு 14 நாளும், ஆணுக்கு 7 நாளும், முழுச் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கிறது. இதில் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன. ஒன்று, பணம் கொடுப்பது அவளை வேலை வாங்கும் ஆள் அல்ல. ஆகவே, கார்ப்பரேஷனுக்கு அவள் பெற்றாலும் பெறாவிட்டாலும் நிரை காலியாகும் கவலை இல்லை. மற்றொன்று, அறுவைக்கு மட்டுமன்றி அவள் படுத்திருக்கும் நாட்களுக்கும் அது விலை கொடுக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் வேறு சட்டத்தின் கீழ் இருப்பதால் நீலகிரிப் பெண்ணுக்கு இது எட்டவில்லை. கோயம்புத்தூர் ஆலைப் பெண்ணுக்கு எட்டியது.

அந்த இரண்டாவது நுட்பத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களே சரியாக அறிவார்கள். மாத்திரை தீர்ந்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். கருப்பையில் லூப் வைத்துக்கொள்வதற்கும், கருக்குழாய் அறுவைக்கும், ரத்தப்போக்கு மிகுந்தால் காட்டுவதற்கும் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அரசாங்கக் கிளினிக் திறந்திருக்கும் நேரமும் பால் இறங்கும் நேரமும் ஒன்றே. மரத்தை வெட்டிவிட்டுப் பால் எடுக்காமல் போனால் அன்றைய உழைப்பு பால் பிடிக்கும் மங்கிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும். வெட்டாமலே போனால் அன்றைய பேர், அதாவது ஒருநாள் கூலி, விழாது. பால் நிறுத்துவிட்டுக் குளித்துப் புறப்பட்டால் பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் நம்பர்ச் சீட்டு முடிந்திருக்கும். இலவசமாகக் கிடைத்த அந்தச் சிகிச்சைக்கு ஒருநாள் கூலி விலை. அதோடு கணவன் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்று திருப்பியனுப்பிவிட்டால் அவனுக்கும் ஒருநாள் கூலி போகும். ஆகையால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, அதற்கும் அடுத்த மாதம் பிரசவத்துக்குப் பெயர் பதிய வந்தவர்களை நான் அறிவேன்.

1984-இல் காற்று திசை மாறியது. நாட்டின் ஜனத்தொகை 2100-ஆம் வருஷத்துக்குள் ஏழு கோடியாக வேண்டும் என்று அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீரின் அரசாங்கம் கொள்கை வகுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய ஜனத்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. சேவை நின்றுவிடவில்லை, பிரசாரம்தான் தணிந்தது. 1966-இல் குறையப் பெறு என்று சொன்ன ராஜ்யம் 1984-இல் நிறையப் பெறு என்று சொல்லிற்று. இரண்டு சமயத்திலும் லயத்துப் பெண்ணின் இமை ஒரே மாதிரி வெளுத்துத்தான் இருந்தது. வேலைவாய்ப்புச் சட்டமோ, உயிரோடு ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ உள்ளவளுக்கு அடுத்த பிரசவத்தில் சகாயத் தொகை இல்லை என்ற வரம்பைத் தன்பாட்டில் வைத்துக்கொண்டிருந்தது. பெறுவதற்கும் பெறாமலிருப்பதற்கும் யார் யாரோ கணக்குப் போட்டார்கள்.

பின்னர் கணக்குப் போடுவதற்கே ஆளில்லாத காலமும் வந்தது. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. நிரந்தரத் தொழிலாளிகள் குறைந்து குத்தகைக்காரரின் ஆட்கள் பெருகினார்கள். ஒரே முதலாளியிடம் பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் 90 நாளாவது வேலை செய்திருந்தால்தான் சகாயத் தொகை என்ற விதி, இன்று இந்தக் குத்தகைக்காரர், நாளை இன்னொருவர் என்று மாறுகிறவளுக்கு ஏட்டளவில்தான் பயன்பட்டது. தோட்ட ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முதலாளி மருந்தகத்தின் குறைகளை இவ்வளவு நேரம் சொன்ன நான், அது இல்லாமற்போனபோது அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவன்.

எங்கள் பெண்களின் மகள்கள் இன்று செனவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டை என்னிடம் காட்டிப் பெருமைப்படுகிறவர்களிடம், பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்தாயா அம்மா என்று கேட்பேன். இந்நாட்டு வைத்தியக் காப்பீட்டுப் பாலிசிகளில் வழக்கமாக உள்ள வாசகம் ஒன்று உண்டு: கர்ப்பம், பிரசவம், கருச்சிதைவு, அறுவையாலோ கருவியாலோ ரசாயனத்தாலோ செய்யப்படும் கர்ப்பத்தடை, மலட்டுத்தன்மைச் சிகிச்சை ஆகிய எதுவும் சேராது. இந்தியாவிலும் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019-இல் ஒருபடித்தாக வகுத்த விலக்குகளில் கர்ப்பத்தடைக்கு ஓரிடம் உண்டு. நம் சமூகப் பாதுகாப்பு ஸ்தாபனமான சொக்ஸோவும் வேலையில் நேரும் விபத்தையும் உடல் முடங்குவதையும் பார்க்குமே தவிர, பிரசவத்தைப் பாராது. அவளுக்கு மிஞ்சுவது பழைய வழியே: அரசாங்கக் கிளினிக், அதே அலுவல் நேரம், ஷிப்டில் பிடித்தமாகும் அரைநாள்.

அமெரிக்காவில் இந்த விலக்கைத் தடுக்க மாநிலங்கள் சட்டம் செய்தன. 1998-இல் ஆண்மைக் குறைவுக்கான வயாகரா விற்பனைக்கு வந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சில தயங்காமல் அதற்குப் பணம் கட்டியபோது, பெண்களின் மாத்திரைக்கு மட்டும் ஏன் இல்லை என்று எழுந்த கேள்விக்குப் பலம் கூடியது. அதே வருஷம் மேரிலாந்து மாநிலம், மற்ற மருந்துகளுக்குப் பணம் கொடுக்கும் பாலிசி கர்ப்பத்தடைக்கும் கொடுத்தாக வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் முன்னோடியாகச் சட்டம் இயற்றிற்று. பல மாநிலங்கள் பின்பற்றின. 2010-ஆம் வருஷத்துச் சுகாதாரச் சட்டத்தின் வழியே நாடு முழுவதற்குமே அது விதியாயிற்று. ஆனால் அங்கே பெரும்பாலோரின் இன்ஷூரன்ஸ் முதலாளியின் வழியாக வருவது. ஆகவே 2014-இல் ஹாபி லாபி என்னும் கம்பெனியின் சொந்தக்காரர்கள், சில முறைகள் தங்கள் மதநம்பிக்கைக்கு விரோதமானவை என்று வழக்காடி, உச்ச நீதிமன்றத்தில் ஜயித்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்குப் புதுமையாக ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் துரை லாபத்துக்காக மாத்திரையை விரும்பினார். அந்த முதலாளிகள் பக்திக்காகச் சிலவற்றை மறுத்தார்கள். நோக்கம் நேர்மாறு, பணம் கட்டுகிறவனின் அபிப்பிராயம் மாத்திரைக்கும் பெண்ணுக்கும் நடுவில் வந்து நின்றது மட்டும் ஒன்றே.

இந்த நாட்டில் என்றேனும் கர்ப்பத்தடையைக் காப்பீட்டில் சேர்க்கும் சட்டம் எழுதப்படுமானால், அதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய டிரசரின் விண்ணப்பம் இதுதான். விலக்குப் பகுதியிலிருந்து ஒரு சொல்லை அடிப்பதோடு நில்லாதீர்கள். பணம் பொது நிதியிலிருந்து, சொக்ஸோ போன்ற ஒரு ஸ்தாபனத்தின் வழியாக, அவள் பெயருக்கே வரட்டும். முதலாளிக்குப் போவது மொத்தத் தொகையாக இருக்கட்டும், பெயர்ப் பட்டியலாக வேண்டாம். பெறவும் பெறாதிருக்கவும் ஒரே நிதி உதவட்டும். அப்போதுதான் எந்தப் பக்கமும் அவளைத் தள்ளுவதில் யாருக்கும் லாபம் இராது. 2023 முதல் பிரசவ லீவை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது நல்ல காரியம். அதைத் தனி முதலாளியே தாங்க வேண்டும் என்று விட்டது, பழைய துரைமாரின் கணக்கை இன்னும் பெரிதாக்கியதே ஆகும். கடைசியாக, கிளினிக்குக்குப் போய்வரும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். மாத்திரைக்கு என்றைக்குமே பெரிய விலை இருந்ததில்லை. எங்கள் பெண்கள் கொடுக்க முடியாமல் தவித்தது அந்த ஒருநாள் பேரைத்தான்.